நல்லவர்களுக்கு மகிழ்ச்சி கிடைக்குமா? மகிழ்ச்சி, அறம், விழுமியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்யியல் பேச உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காலம், இருப்பு, அறிவு என்றெல்லாம் தொடங்குவதில்லை. "நல்லபடியாக வாழ்வது எப்படி?" என்று கேட்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, "நல்லபடியாக வாழ்ந்தவன் என்னத்தைக் கண்டான்?" என்றும் கேட்கிறார்கள். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எழுபவை. எல்லாத் தரப்புக்கும் சம அளவில் இடம் ஒதுக்க நான் முயலவில்லை. எனக்கு ஒரு சாய்வு உண்டு, படிக்கும்போதே தெரிந்துவிடும்.

மகிழ்ச்சி என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லிவிட முடியாதா?

முடியாது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் குடியிருக்கிறது. "இன்று மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்பது மனநிலையைப் பற்றியது, மாலைக்குள் மாறிவிடலாம். "அவர் நிறைவாக வாழ்ந்தவர்" என்பது ஒரு வாழ்க்கையை மொத்தமாக எடைபோடுவது. இதைச் சொல்வதற்கு அந்த மனிதர் எத்தனை நாள் சிரித்தார் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

இரண்டாவது பொருளுக்குப் பண்டைய கிரேக்கர்கள் 'யூடைமோனியா' என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) அதை உணர்ச்சி என்று சொல்லவில்லை, செயல் என்றார். மனிதனுக்கே உரிய திறன்களை நற்குணத்தோடு பயன்படுத்தி வாழ்வது, அதுவும் ஒரு முழு வாழ்நாள் அளவுக்கு. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டதால் வசந்தம் வந்துவிடாது என்பது அவர் சொன்ன உவமை.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய ஒரு கதையும் இதைத்தான் சுற்றி வருகிறது. லிடியா நாட்டு அரசன் குரோசஸ் தன் கருவூலத்தைத் திறந்து காட்டி, உலகிலேயே பெரிய பாக்கியசாலி யார் என்று ஏதென்ஸ் அறிஞர் சோலோனிடம் கேட்கிறான். தன் பெயர் வரும் என்று காத்திருந்தவனுக்கு டெல்லஸ் என்ற பெயர் வருகிறது. நல்ல பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, தன் நகருக்காகப் போரில் இறந்த ஒரு குடிமகன். கடைசி நாள் வரை பார்க்காமல் எவனையும் பாக்கியசாலி என்று சொல்லாதே என்கிறார் சோலோன். பின்னாளில் பாரசீகத்தின் சைரஸிடம் தோற்றுச் சிதையில் ஏற்றப்பட்டபோது குரோசஸ் சோலோனின் பெயரைச் சொல்லிக் கதறினான் என்று கதை முடிகிறது. வரலாறாக இதை நம்ப வேண்டாம், காலக்கணக்கு உதைக்கிறது. ஆனால் கேள்வி உண்மையானது: கருவூலத்தின் முன் குரோசஸ் மகிழ்ச்சியாகத்தான் இருந்தான். அவனிடம் இல்லாதது எது?

இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்று வைத்துக்கொண்டால் என்ன தவறு?

எபிகூரஸ் (கி.மு. 341–270) அப்படித்தான் வைத்துக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லி விருந்துண்பவர்கள் அவருடைய விருந்தைப் பார்த்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு எளிமையாக வாழ்ந்தவர் அவர். பெண்களும் அடிமைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணமில்லை. ஒரு நண்பருக்கு எழுதும்போது, சிறு பானையில் பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்துண்ண விரும்பும் நாளில் உதவும் என்று கேட்கிறார். இன்பத்தை முதலிடத்தில் வைத்தவரின் கேளிக்கை அவ்வளவுதான்.

ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். பசிக்கு உணவு போல இயல்பானவை, தேவையானவை. அதே உணவு வகைவகையாக வேண்டும் என்பது போல இயல்பானவை, ஆனால் தேவையற்றவை. புகழ், அதிகாரம் போல இரண்டிலும் சேராதவை. முதல் வகைக்கு எல்லை உண்டு. வயிறு நிறைந்தால் நின்றுவிடும். மூன்றாவதற்கு எல்லையே கிடையாது. எனவே இன்பம் வேண்டுபவன் கூட்டுவதைவிடக் கழிப்பதையே கற்க வேண்டும். வலியில்லாத உடல், கலக்கமில்லாத மனம்: அவர் இன்பம் என்றது இதைத்தான்.

இதில் நற்குணத்துக்கு என்ன இடம்? மருந்தின் இடம். உடல்நலத்துக்காக மருந்து உண்பது போல, இன்பத்துக்காக நற்குணத்தைக் கைக்கொள்கிறோம் என்பது அவருடைய பள்ளியின் கருத்து. அநீதி செய்தவனுக்கு எந்நேரமும் பிடிபடும் பயம் இருக்கும், ஆகவே அநீதி நட்டக் கணக்கு. எனக்கு இடிப்பது இந்த இடம்தான். பிடிபடவே மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால்? மருந்தில்லாமலே குணமாகும் என்றால் யார் மருந்து குடிப்பார்கள்?

அவர் இறந்த நாளில் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் ஒன்று உண்டு. சிறுநீர் அடைப்பும் வயிற்று நோவும் இதற்கு மேல் போக முடியாத அளவில் வதைக்கின்றன. ஆனாலும் நாம் பேசியவற்றை நினைக்கும் மகிழ்ச்சி அவற்றுக்கு ஈடாக நிற்கிறது என்கிறார். இது இன்பக் கொள்கைக்கு ஆதரவான சாட்சியா, எதிரான சாட்சியா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. அந்த நோவுக்கு ஈடு நின்றது இன்பமா, நட்பா?

இன்பத்தை அளக்க முடியுமா?

ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் முடியும் என்றார். 1789-இல் வெளிவந்த நூலில் ஏழு அளவைகளைக் கொடுத்தார்: எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உறுதி, எவ்வளவு அண்மை, மேலும் இன்பம் பிறக்குமா, துன்பம் கலக்குமா, எத்தனை பேருக்குக் கிடைக்கும். ஊசிகளை வைத்து ஆடும் சிறுபிள்ளை விளையாட்டு ஒன்று கவிதைக்கு நிகரான இன்பம் தந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றும் சொன்னார். சிரிக்கலாம், ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. அரசனின் இன்பமும் ஏவலாளின் இன்பமும் ஒரே தராசில் ஏறுகின்றன. விலங்குகளைப் பற்றிப் பேசும்போது, அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல கேள்வி, துன்புற முடியுமா என்பதே கேள்வி என்று எழுதியவரும் அவரே.

இந்தக் கணக்கிலேயே வளர்க்கப்பட்டவர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873). மூன்று வயதில் கிரேக்கம். 1826-இல், இருபது வயதில், தன்னையே கேட்டுக்கொண்டார்: உலகைச் சீர்திருத்த நீ விரும்புவதெல்லாம் இந்தக் கணமே நடந்துவிட்டால் உனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமா? உள்ளிருந்து 'இல்லை' என்று பதில் வந்தது. மாதக்கணக்கில் மனம் வெறுமையாகிக் கிடந்தவரை மீட்டவற்றில் ஒன்று, பெந்தாம் ஊசி விளையாட்டோடு நிறுத்திப் பார்த்த அதே கவிதை.

பிறகு மில் இன்பத்தில் தரவேற்றுமை உண்டு என்றார். நிறைவுற்ற பன்றியைவிட நிறைவுறாத மனிதன் மேல், நிறைவுற்ற மூடனைவிட நிறைவுறாத சாக்ரடீஸ் மேல். இரண்டையும் அனுபவித்தவர்கள் உயர்ந்ததையே தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள்தான் நீதிபதிகள் என்கிறார். இதில் கொஞ்சம் நழுவல் இருக்கிறது. இரண்டையும் அனுபவித்த பலர் ஓய்வுநேரத்தில் தாழ்ந்ததையே நாடுகிறார்கள் என்பது நம்மைப் பார்த்தாலே தெரியும். அவர்கள் உயர்ந்ததைச் சுவைக்கும் திறனை இழந்துவிட்டார்கள் என்று மில் பதில் சொல்கிறார். நீதிபதி தனக்குப் பிடிக்காத தீர்ப்பைச் சொன்னால் அவரைப் பதவிநீக்கம் செய்வது போலிருக்கிறது.

மகிழ்ச்சியைத் தேடினால் அது கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. தூக்கத்தைத் துரத்துகிறவனுக்குத் தூக்கம் வராததைப் போல. மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று உன்னையே கேட்டுப் பார், அந்தக் கணமே அது போய்விடும் என்று மில் தன் வரலாற்றில் எழுதினார். 1874-இல் ஆங்கில மெய்யியலாளர் ஹென்றி சிட்ஜ்விக் இதையே இன்பக் கொள்கையின் அடிப்படை முரண் என்று குறித்தார். ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்று ஆடுபவனுக்கே ஆட்டத்தின் இன்பம் கிடைக்கிறது. இன்பத்துக்காக மட்டும் ஆடுபவன் பாதியிலேயே கொட்டாவி விடுகிறான்.

இதிலிருந்து "தேடாமலிருந்தால் கிடைத்துவிடும்" என்று முடிவு கட்டுவதும் தவறு. தூங்காமலிருக்க முயல்வதும் தூக்கத்துக்கு வழியல்லவே.

இன்பமே வேண்டாம் என்று மனிதர்கள் சொல்வார்களா?

1974-இல் அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் ஒரு கற்பனை எந்திரத்தை முன்வைத்தார். அதில் படுத்துக்கொண்டால் நீங்கள் விரும்பும் எந்த அனுபவத்தையும் மூளைக்கு ஊட்டும். பெரிய நூலை எழுதுவது போலவும், உற்ற நண்பரைப் பெறுவது போலவும் இருக்கும். எந்திரத்தில் இருப்பது நினைவிருக்காது. வாழ்நாள் முழுவதற்கும் படுத்துக்கொள்வீர்களா?

பெரும்பாலானோர் மறுக்கிறார்கள். எழுதுவது போன்ற அனுபவம் மட்டும் போதாது, எழுத வேண்டும். அன்பு காட்டப்படுவது போலிருந்தால் போதாது, அன்பு இருக்க வேண்டும். உணர்வைத் தாண்டி நமக்கு வேறு ஏதோ முக்கியம் என்பதற்கு இது சான்று என்றார் நோசிக்.

நான் இதை முதன்முதலில் படித்தபோது வாதம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டவர்கள் இருப்பது தெரிந்தது: நீங்கள் இப்போதே எந்திரத்துக்குள்தான் இருக்கிறீர்கள், வெளியே வர விருப்பமா? இப்படிக் கேட்டால் கணிசமானோர் இங்கேயே இருந்துவிடுகிறோம் என்கிறார்கள். ஆக, உண்மையின் மீதுள்ள பற்றோடு பழகியதை விட மனமில்லாமையும் அந்த மறுப்பில் கலந்திருக்கிறது. நோசிக்கின் வாதம் இதனால் உடைந்துவிடவில்லை, கொஞ்சம் இளைத்துப்போனது.

அறம், நற்குணம், ஒழுக்கம், விழுமியம் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றாகவே புழங்குகின்றன. பிரித்து வைத்துக்கொண்டால் பல சண்டைகள் குறையும்.

நற்குணம் ஒரு மனிதரிடம் படிந்திருக்கும் தன்மை: துணிவு, நேர்மை, ஈகை. ஒழுக்கம் அது நடத்தையில் தெரிவது. 'ஒழுகு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. நீர் ஒழுகி ஒழுகித் தடம் விழுவதைப் போல. அறம் இவற்றைவிட அகலமானது. கொடை, கடமை, நீதி, எது சரி என்ற கேள்வி என எல்லாவற்றையும் அந்த மூன்றெழுத்து தாங்குகிறது. இதற்கு நிகரான ஒற்றைச் சொல் கிரேக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய 'அரெத்தே' மேன்மையைக் குறிப்பது. கத்தியின் கூர்மைக்கும் குதிரையின் வேகத்துக்கும்கூட அது பொருந்தும்.

விழுமியம் என்பது நாம் பெரிதாக மதிப்பது. இந்தச் சொல்லின் வேரில் ஒரு விந்தை இருக்கிறது. தொல்காப்பியம் 'விழுமம்' என்ற சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு என்பவற்றோடு இடும்பை, அதாவது துன்பம், என்ற பொருளையும் தருகிறது. குறளில் 'விழுமம் துடைத்தவர் நட்பு' என்னும்போது துடைக்கப்படுவது துன்பம்தான். மதிப்பும் துன்பமும் ஏன் ஒரே சொல்லில் தங்கின என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். எனக்கு இது ஓர் உரைகல்லாகப் பயன்படுகிறது. ஒருவருடைய விழுமியங்கள் எவை என்று அறிய, அவர் எவற்றைப் புகழ்கிறார் என்று கேட்பதில் பயனில்லை. எவற்றுக்காக இடும்பையை ஏற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நற்குணம் பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தால் வருகிறதா?

கிணற்றில் விழப்போகும் குழந்தையைத் திடீரென்று பார்த்தால் எவனுக்கும் நெஞ்சு பதறும், பெயருக்காகவோ பெற்றோரின் தயவுக்காகவோ அல்ல என்றார் சீன அறிஞர் மென்சியஸ். அந்தப் பதற்றம்தான் முளை. நீரூற்றினால் வளரும், விட்டால் பட்டுப்போகும். அதே கன்பூசிய மரபில் வந்த சுன்சி இதை மறுத்தார். மனித இயல்பு கோணலான மரம், அதை ஆவி காட்டி வளைத்து நிமிர்த்த வேண்டும் என்றார்.

அரிஸ்டாட்டில் இருவருக்கும் இடையில் நிற்கிறார். குணம் இயற்கையால் வருவதும் அல்ல, இயற்கைக்கு எதிராக வருவதும் அல்ல. பெற்றுக்கொள்ளும் திறன் இயற்கை, நிறைவது பழக்கத்தால். யாழ் மீட்டி யாழ் கற்பது போல, நீதியானவற்றைச் செய்தே நீதிமான் ஆகிறோம்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லிவிட வேண்டும். நற்குணம் ஒரு மிகைக்கும் ஒரு குறைவுக்கும் நடுவில் இருக்கிறது என்று அவர் சொன்னதை, எதிலும் மிதமாக இரு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் குருட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பது உண்மை. ஆனால் நடு என்பது பாதி அல்ல. கோபப்பட வேண்டிய இடத்தில், உரிய ஆளிடம், உரிய அளவில் கோபப்படாதவனையும் அவர் குறையுள்ளவன் என்றே சொல்கிறார். பெருங்கோபமே நடுவாக இருக்கும் தருணங்களும் உண்டு.

குணம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? சூழ்நிலைதானே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது?

இது வெறும் குதர்க்கம் அல்ல. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வேறொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் உவமை. போகும் வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து இருமுகிறார். அவர் சோதனைக்காக வைக்கப்பட்டவர். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். உரையின் தலைப்பால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர் கிடந்தவரைத் தாண்டிப் போனார்.

இதை வைத்துக் குணம் என்பதே கட்டுக்கதை என்று வாதிடும் மெய்யியலாளர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். நிலையான நற்குணம் அரிது, கடினம் என்று அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். பலருக்கு அது வாய்க்கவில்லை என்று காட்டுவது அவரை மறுப்பதாகாது. ஆனால் ஒன்றை அந்தச் சோதனை கற்பிக்கிறது. அவசரம் எவ்வளவு பெரிய ஒழுக்கக்கேடு என்று எந்தப் பழைய நூலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை.

சரி, நேராகவே கேட்கிறேன். நல்லவராக இருந்தால் மகிழ்ச்சி கிடைக்குமா?

இந்தக் கேள்வியை ஆகக் கடுமையாகக் கேட்டவர் பிளேட்டோ. அவருடைய நூலில் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறான். கைஜஸ் குலத்து இடையன் ஒருவனுக்கு, அணிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரம் கிடைக்கிறது. அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டை எடுத்துக்கொள்கிறான். அந்த மோதிரம் கிடைத்தால் நல்லவனும் அதையேதான் செய்வான் என்கிறான் கிளாக்கன். அதோடு விடவில்லை. எல்லாராலும் நல்லவன் என்று போற்றப்படும் அயோக்கியனையும், அயோக்கியன் என்று பழிக்கப்பட்டுச் சவுக்கடி பட்டுக் கண் பிடுங்கப்படும் நல்லவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார். யாராக இருக்க விரும்புவாய்?

சாக்ரடீஸ் வாயிலாக வரும் பதில்: அநீதி என்பது உள்ளத்தின் நோய். கொடுங்கோலன் வெளியே ஆள்கிறான், உள்ளே தன் ஆசைகளுக்கு அடிமைப்பட்டிருக்கிறான். உடல் சீர்கெட்டவனுக்கு உலகத்தையே கொடுத்தும் பயனில்லாதது போல, உள்ளம் சீர்கெட்டவனுக்கு எதுவும் பயன்படாது.

பிற்காலக் கிரேக்கச் சிந்தனைப் பள்ளியினரான ஸ்டோயிக்குகள் இதை இறுதிவரை கொண்டுபோனார்கள். நற்குணம் ஒன்றே நன்மை. செல்வம், உடல்நலம், புகழ் எல்லாம் விரும்பத்தக்கவையாக இருக்கலாம், நன்மைகள் அல்ல. அம்பை நேராக எய்வதற்கு வேண்டியதெல்லாம் செய்வது வில்லாளியின் கையில். இலக்கில் தைப்பது அவன் கையில் இல்லை. ஆகவே நல்லவன் சித்திரவதையிலும் நிறைவோடிருப்பான்.

சக்கரத்தில் கட்டி வதைக்கப்படுபவன் நல்லவன் என்பதற்காக அவனை மகிழ்ச்சியானவன் என்பது அர்த்தமற்ற பேச்சு என்று, ஸ்டோயிக்குகள் தோன்றுவதற்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார். டிராய் அரசன் பிரியம் நெடுநாள் சிறப்பாக வாழ்ந்து, முதுமையில் பிள்ளைகளையும் நகரையும் பறிகொடுத்தான். அவனைப் பாக்கியசாலி என்று யார் சொல்வார்? கிடைத்த தோலில் நல்ல செருப்பைத் தைப்பவன் நல்ல செம்மான். அதுபோல நல்லவன் வாய்த்த நிலைமையில் சிறந்ததைச் செய்வான், இழிந்தவனாக மாட்டான். ஆனால் தோல் மட்டமாக இருந்தால் செருப்பும் ஓரளவுக்குத்தான் வரும்.

இம்மானுவேல் கான்ட் (1724–1804) கேள்வியையே மாற்றினார். அறம் நம்மை மகிழ்ச்சியானவர்கள் ஆக்காது, மகிழ்ச்சிக்குத் தகுதியானவர்கள் ஆக்கும். தகுதியும் கிடைப்பதும் இவ்வுலகில் ஒத்துப்போவதில்லை என்பதால்தான், அவற்றை ஒத்துப்போகச் செய்யும் இறைவனை நம்ப அறிவுக்கு இடமிருக்கிறது என்றார்.

வள்ளுவரிடம் இரண்டு குரல்களும் கேட்கின்றன. 'அறத்தான் வருவதே இன்பம்' என்று 39-ஆவது குறள் அடித்துச் சொல்கிறது. 169-ஆவது குறளோ, பொறாமை நெஞ்சம் கொண்டவனின் வளர்ச்சியும் செம்மையானவனின் கேடும் 'நினைக்கப் படும்' என்கிறது. ஏன் அப்படி நேர்கிறது என்று அது சொல்லவில்லை. பரிமேலழகர் பழவினையைக் காரணமாகக் கொண்டுவருகிறார். குறளில் அந்தச் சொல் இல்லை. உரையைவிட மூலத்தின் தயக்கம் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

என் பதில் இது. நற்குணத்தை மகிழ்ச்சிக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்தால், விலை கொடுத்தும் சரக்கு வரவில்லை என்ற புகார் எழாமல் இருக்காது. ஆனால் நட்பை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பனிடம் உண்மையாக இருப்பது நட்புக்குக் கொடுக்கும் விலையா? ஏமாற்றுக்காரனும் நண்பனின் வருகையையும் பரிசுகளையும் சிரிப்பையும் பெறலாம், பிடிபடாமலே சாகலாம். அவனுக்குக் கிடைக்காதது நட்பு ஒன்றுதான். அவன் இருப்பதாக நண்பன் நம்பும் அந்த ஆள் அங்கே இல்லையே. மோதிரம் அணிந்த இடையனுக்கும் இதே கதிதான். அவனை யாரும் பார்க்கவில்லை என்பதே அவனுக்குள்ள வசதி. யாராலும் பார்க்கப்படாமலே அவன் வாழ்ந்து முடிக்க வேண்டும்.

இதற்கு மேல் வாக்குறுதி கொடுக்க எனக்குத் துணிவில்லை. நோய், போர், பிள்ளையின் மரணம் எல்லாம் நல்லவர் வீட்டுக்கும் வரும். 'நல்லவனாக இரு, எல்லாம் சரியாகும்' என்று சொல்பவரிடம், சரியாகாமல் போனவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். பலமுறை, அவர்களிடம் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்ற பதில் வரும். அந்தப் பதில்தான் இந்தக் கொள்கையின் உண்மையான விலை.

ஆசையை விட்டுவிட்டால் துன்பமே இல்லையே?

புத்தர் துன்பத்தின் காரணமாகச் சொன்னது வேட்கையை, ஏதோவொன்றைப் பற்றிக்கொண்டு விடாத தாகத்தை. எல்லா விருப்பத்தையும் அல்ல; எண்வழிப் பாதையில் நல்முயற்சிக்கும் நல்லெண்ணத்துக்கும் இடம் இருக்கிறது. ஸ்டோயிக்குகளை இதோடு ஒப்பிடுவது வழக்கம். ஒற்றுமை உண்டு. ஆனால் ஸ்டோயிக்குகள் 'நான்' என்பதைக் கோட்டையாக்கினார்கள். புத்தர் அந்தக் கோட்டைக்குள் எவரும் இல்லை என்றார்.

அடிமையாகப் பிறந்த ஸ்டோயிக் அறிஞர் எபிக்டெட்டஸ், குழந்தையை முத்தமிடும்போது 'இது இறக்கக்கூடியது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள் என்கிறார். துயரத்தில் இருப்பவர் எவரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள். முன்கூட்டியே தனக்குத்தானே சொல்லிக்கொள்ள எழுதப்பட்ட வாக்கியம் அது, ஆறுதல் அல்ல.

லாட்டரியில் வென்றவரும் விபத்தில் முடமானவரும் ஓராண்டில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுவார்களாமே?

1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் திரித்துச் சொல்வது இது. பரிசு வென்றவர்கள் 22 பேர், விபத்தில் செயலிழந்தவர்கள் 29 பேர், மற்றவர்கள் 22 பேர். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மகிழ்ச்சியாக இல்லை என்பது சரி. ஆனால் விபத்துக்குள்ளானவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மகிழ்ச்சியையே சொன்னார்கள். எதிர்பார்த்த அளவு மோசமாக இல்லை, அவ்வளவுதான். மனம் பலவற்றுக்குப் பழகும். எல்லாவற்றுக்கும் பழகாது.

எதுவும் இல்லாதவரும் 'நான் மகிழ்ச்சியாகவே இருக்கிறேன்' என்கிறாரே. நாம் யார் மறுக்க?

அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் மறுக்க வேண்டாம். அமர்த்தியா சென் சுட்டிக்காட்டுவது வேறு. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர் கிடைக்காததை விரும்பாமலிருக்கப் பழகிக்கொள்கிறார். சின்னச் சலுகைகளில் நிறைவடைகிறார். எட்டாத பழம் புளிக்கும் என்ற நரிக்கு நாளடைவில் பழம் உண்மையாகவே புளிக்கத் தொடங்கும். ஆகவே மனநிறைவை மட்டும் அளந்து ஒரு சமூகத்தில் நீதி இருக்கிறதா என்று தீர்மானித்தால், ஒடுக்குமுறை வெற்றிகரமாக நடக்கும் இடமே நல்ல மதிப்பெண் பெற்றுவிடும். மக்கள் என்ன உணர்கிறார்கள் என்பதோடு, என்ன செய்யவும் என்னவாக இருக்கவும் அவர்களால் முடிகிறது என்று கேட்க வேண்டும் என்பது 1979 முதல் அவர் வளர்த்துவந்த வாதம்.

மகிழ்ச்சி வெறும் உணர்வு என்ற கொள்கைக்கு எதிராக எனக்குத் தெரிந்தவற்றில் இதுவே வலுவானது. நோசிக்கின் எந்திரம் கற்பனை. இது கற்பனை அல்ல.

விழுமியங்கள் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுபவைதானே?

வழக்கங்கள் மாறும். இறந்த தந்தையின் உடலைத் தின்ன எவ்வளவு பணம் வேண்டும் என்று பாரசீக அரசன் டரியஸ் கிரேக்கர்களிடம் கேட்டான், எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். அப்படித் தின்னும் வழக்கமுள்ள கல்லாத்தியரிடம் கிரேக்கர்களைப் போல எரிக்கச் சொன்னபோது அவர்கள் அலறினார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்பது அவர் முடிவு. எனக்கோ இரு கூட்டத்தாரும் ஒரே காரணத்துக்காக அலறியதாகத் தெரிகிறது: தந்தையின் உடலை அவமதிக்க மாட்டோம்.

மெய்யியலாளர் ஐசையா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் சொன்னது இதைவிடச் சிக்கலானது. உண்மையான விழுமியங்கள் பல. அவை ஒன்றோடொன்று மோதும். விடுதலையும் சமத்துவமும், நீதியும் இரக்கமும் எப்போதும் ஒரே படகில் ஏறுவதில்லை. ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்றை இழக்கிறோம், அந்த இழப்பு உண்மையான இழப்பு. 'எல்லாம் அவரவர் விருப்பம்' என்பது இதிலிருந்து வெகு தொலைவு. எல்லாம் விருப்பம் என்றால் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

எந்நேரமும் அறத்தையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். 1982-இல் அமெரிக்க மெய்யியலாளர் சூசன் உல்ஃப் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு செயலிலும் இயன்ற அளவு நல்லவராக இருக்கும் 'அறத் துறவி'யாக நானோ எனக்கு வேண்டியவர்களோ இல்லாததில் எனக்கு மகிழ்ச்சியே என்று தொடங்குகிறது. இசை, நகைச்சுவை, வீண் அரட்டை எதற்கும் நேரமில்லாதவரோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

இன்னொருவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சீன ஞானி சுவாங்சியும் தர்க்கவாதி ஹுவெய்சியும் ஹாவ் ஆற்றின் பாலத்தில் உலாவிக்கொண்டிருந்தார்கள். "மீன்கள் துள்ளி விளையாடுவதைப் பார். இதுதான் மீன்களின் மகிழ்ச்சி" என்றார் சுவாங்சி.

"நீ மீன் இல்லையே. மீனின் மகிழ்ச்சி உனக்கு எங்கிருந்து தெரிந்தது?"

"நீயும் நான் இல்லையே. எனக்குத் தெரியாது என்பது உனக்கு எங்கிருந்து தெரிந்தது?"

"நான் நீ இல்லை, ஆகவே உன்னை எனக்குத் தெரியாது. நீ மீன் இல்லை, ஆகவே மீனை உனக்குத் தெரியாது. கணக்குச் சரியாகிவிட்டது" என்றார் ஹுவெய்சி.

தர்க்கத்தில் ஹுவெய்சிதான் வென்றார் என்பது என் எண்ணம். சுவாங்சி அசரவில்லை. "முதல் கேள்விக்கே போவோம். எங்கிருந்து தெரிந்தது என்றுதானே கேட்டாய்? இங்கிருந்துதான், இந்தப் பாலத்தின் மேலிருந்து."